காலைப் பெரட்டும் கழுத்துப் பிரட்டும்

என் மனைவியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வகிடு முடிந்து உச்சி தொடங்கும் இடத்தில் சுண்டுவிரலை வைத்தால் விரல் அதில் படுத்துக்கொள்ளும். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உட்காருகிற இடம் அது. கயிற்றுக்கு அடியில் துணியை எத்தனை மடிப்பாக மடித்து வைத்தாலும் கயிறு தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். காலையில் வெறும் கூடையாகத் தொங்கத் தொடங்குவது வெயில் ஏற ஏற நிறையும். முதுகில் கனம் ஏறும்போது தலை முன்னால் போகும், கழுத்து அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். கொழுந்தை நிறுத்துக் கொட்டிய பிறகும் கழுத்துக்குப் பிடியை விடத் தெரியாது. வீட்டுக்கு வந்து, அடுப்பை மூட்டி, தேங்காயைத் துருவும்போதும் அது இல்லாத கூடையைச் சுமந்துகொண்டிருக்கும்.

எனக்கும் தலைவலி உண்டு. லுணுகலை பஜாரில் போட்டோகொப்பி அடித்து, ஊராருக்கு விண்ணப்பங்கள் டைப் செய்து கொடுக்கும் கடையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கணினித் திரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருப்பவன். சும்மா இருக்கத் தெரியாதவன் என்பதால் பஸ்ஸில் வரும்போதும் கைப்பேசிக்குள் குனிந்து எதையாவது எழுதிக்கொண்டு வருவேன். என் வலி கண்ணுக்குப் பின்னால் பிறந்து பிடரிக்கு இறங்கும். அவளுடையது தோளில் பிறந்து, பிடரி வழியாக ஏறி, புருவத்தில் வந்து குந்தும். நடுவழியில், கழுத்தில், நாங்கள் இருவரும் சந்தித்துக்கொண்டோம் என்றுதான் சொல்லவேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைதான் லயம். எங்கள் லயத்தில் மற்ற வீடுகளில் மாலையானால் தாளிக்கிற வாசம் வரும். எங்கள் வீட்டில் தைல வாசம். பெனடோல் மாத்திரை அட்டை சீனி டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, தேத்தண்ணிக்குச் சேர்க்கிற சாமான் மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று சொல்லுவாள்: "மாமா வீட்டுக்கு ஒரு தடவ வந்துட்டுப் போனா போதும், தடிமன், சளி தானா எறங்கிரும்."

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அவளிடமிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னால் என் மனைவியைப் பற்றி இன்னொன்று.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் குளியலை என் மனைவியின் கால்களில்தான் குளித்திருக்கின்றன. யாரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை. முதலில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள், போனாள். அந்தப் பிள்ளை நன்றாகத் தூங்கியதாம். பிறகு எல்லாரும் கூப்பிட்டார்கள். ஞாயிறு காலையில் அவள் பழைய சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டுவாள். இரண்டு காலுக்கும் நடுவே தொட்டில் மாதிரி ஒரு பள்ளம் உண்டாகும். பிள்ளையை அதில் போட்டு, எண்ணெய் தடவி, தண்ணீர் வார்ப்பாள். பிள்ளை அலறும். அவள் அதோடு பேசிக்கொண்டே இருப்பாள்: "என்னாடி கோவம், யாரு மேல கோவம், இந்தத் தண்ணி மேலயா, ஊத்துறவ மேலயா?" குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவள் கையில் பச்சைப் பிள்ளை வாசம் இருக்கும். அன்று முழுக்க அவள் தைலத்தைத் தொடமாட்டாள்.

போன வருஷம் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை மேலே எழவில்லை. தண்ணீர்க் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. குனிந்த கழுத்து குனிந்தபடியே பூட்டிக்கொண்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. "இந்தா, புடிச்சுக்க" என்று தாயிடம் கொடுத்துவிட்டு, எழுந்து, ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவளுக்கு அன்றைக்கு ஏதாவது வேலை இருந்தது.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மாலை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இங்கே புருஷனும் அவளும் மட்டும்தான். உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. மருத்துவிச்சி வந்து பாத்துட்டு, நெசந்தான்னு சொல்லிட்டாங்க."

என் மனைவி அவள் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண் அங்கிருந்தபடியே சொன்னாள்: "நீங்கதான் குளிப்பாட்டணும். அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். அத்தை இருக்காங்கல்ல, எனக்கென்ன பயம்னு சொல்லிட்டேன்."

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்தான். மொத ஒழுங்காச் சாப்புடு."

அவள் போன பிறகு என் மனைவி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறக்கினாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். "பதுளைக்கு எப்பப் போறது?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் பெனடோலைக் காட்டியவள் அவள்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரஷர் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கயிறு பதிந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த தாதி அதைத் தமிழாக்கினாள்: "பயப்பட ஒண்ணுமில்ல. இது டென்ஷன் தலைவலி." மாத்திரையை இப்படி நாள்தோறும் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும், அதைக் குறைக்கவேண்டும் என்றும், உடற்பயிற்சிப் பிரிவுக்கு இன்னொரு நாள் வரவேண்டும் என்றும் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பசறை வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். பசறையில் ஆட்கள் இறங்கி இடம் கிடைத்ததும் என் மனைவி தொடங்கினாள்.

"டென்ஷனாமே."

"ஆமா."

"எனக்கு என்னங்க டென்ஷன்? நான் என்ன ஆபீஸ்லயா குந்தியிருக்கேன்? டென்ஷன் வர்றதெல்லாம் ஒங்களுக்கு. கரண்டு போனா டென்ஷன், சிக்னல் போனா டென்ஷன்."

"அவங்க சொன்னது வேற."

"என்ன வேற? மனசுல ஏதோ வச்சுக்கிட்டு நடிக்கிறேன்னுதானே அர்த்தம்?"

எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் டென்ஷன் என்ற சொல்லுக்கு இருக்கிற இடம் மனசுதான். மறுநாள் லயம் முழுக்கச் செய்தி பரவியது. தண்ணீர்க் குழாயடியில் என்னை மடக்கினார்கள். "மாமா, அத்தைக்கு அப்புடி என்ன டென்ஷன் குடுத்தீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் புருஷன், "நல்லா விசாரிங்க, கவிதைய கிவிதைய வாசிச்சுக் காட்டியிருப்பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதைத் தீர்த்து வைத்தவள் உடற்பயிற்சிப் பிரிவிலிருந்த இளம் பெண். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவள். பெண்கள் பகுதிக்குள் என்னை விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அவள் ஆட்களைக் கூப்பிடும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் பணிஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மனசுல இல்லியாம். சதையிலயாம் டென்ஷன். கயித்த இழுத்துக் கட்டினா விறைச்சுக்கிட்டு நிக்குதுல்ல, அந்த டென்ஷனாம். நீங்க நல்ல மனுசிதாம்மா, உங்கட தோள்தான் கோவமா இருக்குதுன்னு சொல்லிச்சு அந்தப் பிள்ள."

பிறகு அங்கேயே, கடைக்காரர் பார்க்க, செய்து காட்டினாள். தாடையை உள்ளே இழுத்து இரட்டைத் தாடை வரவைப்பது. காதைத் தோளை நோக்கிச் சாய்த்து, மூச்சை விட்டபடி அங்கேயே நிறுத்துவது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, இழுக்கிற இடத்தில் பொறுத்து நிற்பது. தோள்களைக் காதுவரை தூக்கிப் பொத்தென்று போடுவது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுவை தெரியலாம், வலி தெரியக் கூடாது. கை மரத்துப் போனால் உடனே வரவேண்டும்.

"எப்பெப்ப செய்யணும்?"

"காலப் பெரட்டு, மத்தியானப் பெரட்டு, பின்னேரப் பெரட்டு. மறக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொல்லிச்சு."

தோட்டத்தில் பெரட்டு என்றால் காலைக் கூட்டம். விடிந்ததும் ஆட்கள் எல்லாரும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று கங்காணி அங்கேதான் பிரித்துச் சொல்வார்.

"மத்தியானம் ஏது பெரட்டு?" என்றேன்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல நிப்போமே, அதத்தான் சொல்லியிருக்கும். யாப்பாணத்துப் பிள்ளைக்குத் தோட்டத்து மொற எல்லாம் முழுசாத் தெரியுமா, பாவம். இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே, அதுவே பெருசு."

நானும் நம்பினேன். தோட்டத்து வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு மருந்து சொல்கிறார்களே என்று எனக்கு அந்த முகம் தெரியாத பெண் மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

நான் பஸ்ஸுக்குப் போகும் பாதை பெரட்டுக்களத்தின் மேல்பக்கமாக வளைந்து போகிறது. மறுநாள் காலையில் அங்கிருந்து பார்த்தேன். பனி இன்னும் தேயிலைக்குள்ளிருந்து எழுந்திருக்கவில்லை. பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் என் மனைவி ஒரு பக்கத் தோளைப் பார்த்தபடி சிலை மாதிரி நின்றாள். அப்புறம் மறுபக்கம் பார்த்துச் சிலையானாள்.

"அக்கா, யாரத் தேடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கோழி இப்புடித்தான் பாக்கும், பருந்து வந்தா" என்றாள் இன்னொருத்தி.

அவள் தோள்களைக் காதுவரை தூக்கிப் போட்டாள். கங்காணி வந்துவிட்டார். வயதானவர், குரலால் மட்டும் கோபிக்கத் தெரிந்தவர். "என்னம்மா இது, பெரட்டுலயே சோம்பல் முறிக்கிற? மலைக்கு ஏறினா என்னத்த முறிப்பியோ?"

"ஆஸ்பத்திரியில சொன்னதுங்க, கங்காணி. பெரட்டுல நின்னுதான் செய்யணுமாம்."

"பெரட்டுலயா? அவங்களுக்கு நம்ம பெரட்டு எப்புடித் தெரியும்?"

"படிச்சவங்க. தெரியாமலா இருக்கும்?"

கங்காணி வேலை பிரிக்கத் திரும்பினார். ஆஸ்பத்திரி சொன்னது என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதன் பிறகு தினமும் காலையில் நான் மேலிருந்து பார்ப்பேன். முதலில் அவள் மட்டும். அடுத்து, அவளோடு எப்போதும் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் தோழி, "எனக்கும்தான் பொடனி விண்ணுவிண்ணுங்குது" என்று சேர்ந்துகொண்டாள். கேலி செய்தவர்கள் கேலி செய்துகொண்டே செய்தார்கள். சில வாரங்களில் பனிக்குள் ஒரு வரிசைத் தலைகள் ஒரே பக்கம் திரும்பி நின்றன. எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ வருவதற்குக் காத்திருப்பதுபோல இருந்தது. ஒருநாள் கங்காணி வானத்தைப் பார்க்கிற பாவனையில் தன் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்ப்பதையும் பார்த்தேன். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான்? நான் மோசமான நோயாளி. எனக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள். கழுத்தைச் சாய்த்தால் எனக்கு ஒரு வாக்கியம் தோன்றும், அதைப் பிடிக்க எழுந்துவிடுவேன். எனக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான்: வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றி, நெஞ்சை முன்னால் தள்ளி நிற்பது. எங்கள் வாசல் ஒடுக்கம், அதற்கு அளவெடுத்துக் கட்டியதுபோல. அப்படி நான் நின்றுகொண்டிருந்த ஒரு மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, வழிய விடுங்க. என்னா சண்ட? அத்தைய ஏன் உள்ள வச்சு மறிக்கிறீங்க?"

உள்ளே இருந்து என் மனைவியின் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் சிரிப்பும் ஒரு சத்தம்தான். அதைக் குறைத்து வைக்கப் பழகிவிடுகிறோம்.

எல்லாம் நேராக ஏறிப் போகவில்லை. மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வந்த வாரங்களில் கூடை காய்கிற நேரமே இல்லை. ஒரு மாலையில் அவள் கூடையைச் சுவரோடு எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. "இது ஒண்ணும் நடக்கிற காரியமில்லீங்க" என்றாள். "அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க. வேற யாரையாச்சும் பாத்துக்கட்டும். பச்ச மண்ணு. என் கையில வச்சு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."

நான் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவள் பிடரியில் போட்டேன். பாயில் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் தலையை என் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினேன். ஆஸ்பத்திரிப் பெண் அப்படிச் செய்ததாக அவள்தான் முன்பு சொல்லியிருந்தாள். என் கையில் கனமே தெரியவில்லை. தலை கையில் இருந்தது, ஆனால் அவள் அதை எனக்குத் தரவில்லை. கழுத்து அந்தரத்தில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடு புள்ள."

"விட்டுட்டேன்ங்க."

"விடல."

"விட்டா விழுந்துரும்."

"நான் புடிச்சிருக்கேன்ல."

கொஞ்ச நேரம் போயிற்று. கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை மெல்ல நீவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு கொதிக்கத் தொடங்கியது. திடீரென்று என் கைகளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு முழுதும். ஒரு தலை இவ்வளவு கனமா என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் தூக்கிப் பார்க்காத பாரம். அவள் தூங்கிவிட்டாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது, தீ சுர்ரென்று அடங்கியது, நான் அசையவில்லை. சும்மா இருக்கத் தெரியாத நான் அன்றைக்குச் சும்மா இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் மனைவி பெரட்டுக்களத்தில் தோளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

மறுபடி பதுளைக்குப் போனபோது பெண்கள் பகுதியில் கூட்டமில்லை. என்னையும் கதவோரம் நிற்கவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணை அன்றுதான் முகம் பார்த்தேன். சின்ன வயது, பெரிய கண்ணாடி. என் மனைவியின் கையைத் தூக்கினாள். காதைத் தாண்டி, தலைக்கு மேலே, கூரையைக் காட்டுகிற அளவுக்கு எழுந்தது. அந்தப் பெண்ணுக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறியள் அம்மா. கன பேர் ரெண்டு நாள் செய்துபோட்டு விட்டிடுவினம். எப்பிடி மறக்காமச் செய்தனீங்கள்?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. பெரட்டுல நின்னு செஞ்சேன்."

"எதில நிண்டு?"

"பெரட்டுல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பெரட்டு என்றால் என்னவென்று சொன்னேன். களம், கங்காணி, காலைக் கூட்டம். கேட்டுக்கொண்டே இருந்தவள் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஐயோ அம்மா, நான் சொன்னது பிரட்டுறது. கழுத்தை அங்கால இங்கால பிரட்டுறது. காலமை பிரட்டு, மத்தியானம் பிரட்டு, பின்னேரம் பிரட்டு எண்டுதான் சொன்னனான். வீட்டில இருந்து செய்வியள் எண்டுதான் நினைச்சனான்."

என் மனைவியின் கை வாயை மூடிக்கொண்டது. "அப்ப தோட்டத்து ஆளுங்க எல்லாரும் செய்யுறாங்களே" என்றாள் கைக்குள்ளிருந்து. "கங்காணிகூட."

அந்தப் பெண் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கயே செய்யுங்கோ. நான் இனி மற்ற ஆக்களுக்கும் அப்பிடியே சொல்லப்போறன்."

புறப்படும்போது என் மனைவி, கேட்கவே வந்த கேள்வியைக் கேட்டாள். குரல் சின்னதாகிவிட்டது. "பச்சப் புள்ளையக் குளிப்பாட்டலாமாங்க?"

"குனிஞ்சு கனநேரம் இருக்கக் கூடாது. முதுகைச் சுவரில சாய்ச்சு இருங்கோ. முழங்காலுக்குக் கீழ துணியை மடிச்சு வையுங்கோ, பிள்ளை உங்களிட்ட உயர்ந்து வரும். ஒருத்தர் பக்கத்தில நிண்டு தண்ணி எடுத்துத் தரட்டும்."

"சுவத்துல சாஞ்சுக்கிட்டா? பாக்கிறவங்க சோம்பேறின்னு நெனைக்க மாட்டாங்க?"

"நினைச்சா நினைக்கட்டும் அம்மா."

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பசறை தாண்டியதும் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு. "இத்தன பேரையும் நிக்க வச்சுக் கழுத்தாட்ட வச்சிருக்கேனே. நாளைக்குக் கங்காணி மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

"சொல்லாத."

"சொல்லாம எப்புடி?"

"சொன்னா நிறுத்திருவாங்க."

யோசித்தாள். அந்தச் சொல்லை அவள் சரியாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசித்தேன். வீட்டில் விடிந்தால் அவள் கைக்கு அடுப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ரொட்டி மா இருக்கிறது, என் சட்டைப் பொத்தான்கூட இருக்கிறது. மலைக்கு ஏறினால் கொழுந்து இருக்கிறது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, கங்காணி வேலை சொல்லும் வரை நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் ஒரு நாளில் அவளுடைய கைகளை யாரும் கேட்பதில்லை. அதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. காதில் தப்பாக விழுந்த ஓர் எழுத்து சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கொப்பூழ்க்கொடி காய்ந்து விழுந்து, மருத்துவிச்சியும் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிறு குறித்தார்கள். மூக்கில் ஊதக் கூடாது, புகை போடக் கூடாது என்று மருத்துவிச்சி சொன்னதை என் மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்று காலையில் பெரட்டு இல்லை. ஆனாலும் அவள் எங்கள் வாசலில் நின்று, களத்தில் நிற்பதுபோலவே நின்று, கழுத்தை ஒரு பக்கமும் மறு பக்கமும் திருப்பினாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். நான் சாக்கை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் எடுத்துத் தருகிற ஆள் நான்தான். குழந்தையின் தாய் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் குவைத்திலிருந்து ஒரு முகம் பார்த்துக்கொண்டிருந்தது. "சாஞ்சு ஒக்காந்துட்டாங்களே, மகாராணி கணக்கா" என்றது அந்த முகம்.

"டாக்டரம்மா உத்தரவு" என்றாள் என் மனைவி.

எண்ணெய் தடவினாள். குழந்தையின் வலது கையையும் இடது காலையும் பிடித்து, நெஞ்சுக்கு மேல் குறுக்கே கொண்டுவந்து தொடவைத்து, மெல்ல நீட்டினாள். பிறகு மறு கை, மறு கால். வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுவை தெரிந்த இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டு, பிறகு விட்டாள். இதை அவள் எப்போதும் இப்படித்தான் செய்திருப்பாள். நான் இப்போதுதான் பார்க்கிறேன். நான் கோப்பையைக் கொடுக்க, அவள் கை மேலே எழுந்து, தண்ணீரை வார்த்து, இறங்கி, மறுபடி எழுந்தது. குழந்தை அலறியது. "என்னாடி கோவம், யாரு மேல கோவம்?" நடுவில் ஒருதரம் நிறுத்தி, பின்தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள். நான் கோப்பையோடு அசையாமல் நின்றேன். தாயும் கைப்பேசியை இறக்கிவிட்டாள். என் மனைவி கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்ல, ஊத்துங்க" என்றாள்.

துடைத்துத் துணியில் போட்டதும் குழந்தை அழுகையை நிறுத்தியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய், முதுகை வில்லாக வளைத்து, முகமெல்லாம் சிவக்க ஒரு நெளி நெளிந்தது.

"பாருங்க, இப்பவே சோம்பல் முறிக்கிறா" என்றான் அதன் தகப்பன்.

"முறிக்கட்டும்" என்றாள் என் மனைவி. குழந்தையின் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கைகளால் தடவி, அந்தக் கைகளை மடக்கித் தன் நெற்றிப்பொட்டுகளில் வைத்து அழுத்தினாள். திருஷ்டி கழிக்க நெட்டி முறித்தாள். வலி வந்து குந்துகிற புருவத்தின் ஓரத்தில் பத்து விரல்களும் படபடவென்று சொடுக்கின. நான் அவள் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்கவில்லை.

"என்னையே என்ன பாக்கிறீங்க?" என்றாள். "புள்ளையப் புடிங்க. தலையப் பாத்துப் புடிங்க, அதுக்கு இன்னும் கழுத்து நிக்கல."

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினேன். அந்தச் சின்னத் தலை தயங்காமல் தன் பாரம் முழுவதையும் எனக்குக் கொடுத்தது.